ஐ.சி.யு.வில் குழாய் போட கையெழுத்துக் கேட்டால்: வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு கைடு

ராத்திரி ஒரு மணிக்கு ஐ.சி.யு. கதவு திறந்து "அஞ்சாம் பெட் அட்டெண்டர் யாருங்க?" என்று குரல் வந்தால், பெரும்பாலும் அது கையெழுத்துக்குத்தான். கழுத்தில் லைன் போட வேண்டும், மூச்சுக்கு டியூப் போட வேண்டும், நெஞ்சில் தேங்கியதை எடுக்க வேண்டும், ஏதோ ஒன்று. பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து வந்து, தூக்கக் கலக்கத்தில் காட்டிய இடத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று மட்டும் கேட்பார். அதற்கு நேர்மையான பதிலை ஒற்றை வரியில் சொல்ல முடியாது.

நான் கோயம்புத்தூரில் ஐ.சி.யு. நர்ஸ். காங்கயம், தாராபுரம், பல்லடம், கோபி, சத்தி என்று எல்லாப் பக்கமிருந்தும் நோயாளிகள் வருவார்கள், ஒருத்தர் படுத்தால் கூடவே ஒரு வேன் ஒரம்பரை வரும். எல்லோருக்கும் வெசனம் ஒன்றுதான்: அந்த ஊசியைக் குத்தும் நிமிடத்தில் ஏதாவது ஆகிவிடுமோ. அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் கவனம் முழுக்க அங்கேதான் இருக்கும், டாக்டர், நர்ஸ், மானிட்டர் எல்லாம் பக்கத்திலேயே. குழாய் உள்ளே போய், எல்லோரும் அப்பாடா என்று நகர்ந்த பிறகு, அது வேலையே இல்லாமல் நாலு நாள் கிடப்பதில்தான் பாதிப் பிரச்சினை. வெளியே இருக்கிற நீங்கள் செய்யக்கூடியதும் அங்கேதான் அதிகம், அதுபோக குத்துவதற்கு முன்பும் கொஞ்சம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

உள்ளே அனுப்பும்போதே சொல்ல வேண்டியவை

எந்தக் குழாய் போட்டாலும் முதல் பயம் ரத்தம் நிற்காமல் போவது. அது டாக்டரின் கையை மட்டும் பொறுத்ததில்லை, நோயாளி இத்தனை நாள் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதையும் பொறுத்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம், அப்புறம் புதுசாக வரும் ரிவரோக்சபான், எபிக்சபான், டாபிகாட்ரான், இவை எல்லாமே ஏதோ ஒரு வழியில் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. வீட்டில் இவற்றுக்கு இந்தப் பெயரே இருக்காது. "நெஞ்சு மாத்திரை", "வால்வு மாத்திரை", "பக்கவாதத்துக்குக் கொடுத்தது" என்றுதான் சொல்வார்கள்.

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாருவைக் காய்ச்சலும் நினைவு தப்பியும் கொண்டுவந்தார்கள். மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டதற்கு மகன், "சக்கரைக்கு மட்டுந்தானுங்க, வேறொண்ணும் இல்லீங்க" என்றார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க ட்ரே எல்லாம் பிரித்தாயிற்று. அந்த நேரத்தில் பேத்தி ஒரு மஞ்சப்பையோடு ஓடி வந்தது. சர்க்கரை மாத்திரை அட்டைக்கு அடியில் பாதி தீர்ந்த குளோபிடோக்ரெல் அட்டை, அதற்கும் அடியில் மடித்து மடித்துக் கிழிந்துபோன இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் போட்ட சீட்டு. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நீர் எடுப்பதைத் தள்ளிப்போட்டு, மூளைக்காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார். மகன் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது ரத்தம் சம்பந்தப்பட்ட மாத்திரை என்றே தெரியாது. அதனால் நீங்களே யோசித்து வடிகட்டிக் கொண்டுவர வேண்டாம். வீட்டில் இருக்கிற அட்டை, சீட்டு, லேகியம், நாட்டு மருந்து, எல்லாவற்றையும் பையோடு அள்ளிக்கொண்டு வாருங்கள்.

மாத்திரை தவிர வேறு சிலவும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பேஸ்மேக்கர் இருக்கிறதா, எந்தப் பக்கம். டயாலிசிஸ் செய்பவரானால் எந்தக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம், அந்தக் கையில் வேறு ஊசியே படக்கூடாது). முன்னால் எப்போதாவது ஆபரேஷனில் "இவருக்கு டியூப் போடறதுக்குள்ள பெரும்பாடு ஆயிருச்சு" என்று யாராவது சொன்னார்களா. பல்செட்டு உண்டா, ஆடுகிற பல் உண்டா. கடைசியாக எப்போது சாப்பிட்டார். வருஷக்கணக்காகப் பாக்கு, புகையிலை, பான் மசாலா போடுபவரா? அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது, அது தெரியாமல் மயக்க மருந்தைக் கொடுத்துவிட்டு டியூப் போடப் பார்த்தால் ஆபத்து. நிறையப் பேர் சபையில் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், போதும்.

கூச்சம் என்றதும் இன்னொன்று. தோட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டு பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்கள் இந்தப் பக்கம் குறைவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று "வாந்தி பேதிங்க" என்பார்கள். சில பூச்சிமருந்துகள் உடம்பில் இருந்தால், டியூப் போடும்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கிற சக்சினைல்கோலின் என்ற மருந்து சில நிமிடத்தில் தெளிய வேண்டியது மணிக்கணக்கில் தெளியாது. தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தை எடுப்பார். டப்பாவை ஒரு கவரில் கட்டி எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் லேபிளைப் போட்டோவாவது எடுத்து வாருங்கள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன்

சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஒப்புதல் செல்ல வேண்டுமானால் என்ன செய்யப்போகிறோம், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் போதுமான தகவல் தரப்பட்டிருக்க வேண்டும், ஒன்றுக்கு வாங்கிய ஒப்புதலை வைத்து இன்னொன்றைச் செய்யக் கூடாது. உயிர் போகிற அவசரம் மட்டும் விதிவிலக்கு. இதயம் நின்றுகொண்டிருக்கும்போது யாரும் பேனாவைத் தேட மாட்டார்கள், தேடவும் கூடாது. நோயாளி நினைவோடு இருந்தால் அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதையும் நம் ஊரில் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஐந்து நிமிடம் இருந்தால் இதைக் கேளுங்கள், இப்படியே கேட்டாலும் சரி: "இது எதுக்குங்க? இன்னைக்கு ராத்திரியே போடோணுமா, காலையில வரைக்கும் தாங்குமா? யார் போடறாங்க, பக்கத்துல பெரிய டாக்டர் இருக்காங்களா? ஸ்கேன் பார்த்துப் போடறீங்களா? ஏதாவது ஆச்சுன்னா அதைச் சரிபண்ண இங்கயே வசதி இருக்குதுங்களா?" கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். நுரையீரலில் ஓட்டை விழுந்தால் டியூப் போட ஆள், ரத்தம் போனால் ஏற்ற ரத்தம், பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் அதைத் தைக்கிற சர்ஜன், இதெல்லாம் எல்லா ஆஸ்பத்திரியிலும் ராத்திரியில் இருக்காது. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டால், "இங்க முடியாதுங்க, பெருந்துறைக்கோ கோயம்புத்தூர் ஜி.ஹெச்.சுக்கோ போயிருங்க" என்று வெளிப்படையாகச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு.

பெரியவர் வரட்டும், மாமன் வரட்டும், ஊரிலிருந்து சித்தப்பா கிளம்பிவிட்டார் என்று மூன்று மணி நேரம் இழுப்பதும் ஒருவிதச் சிக்கல்தான். முதல் நாளே குடும்பத்தில் ஒருவரைப் பேசுவதற்கு என்று வைத்துவிடுங்கள், மற்றவர்கள் அவரிடம் போனில் கேட்டுக்கொள்ளட்டும். திருப்பூர் கம்பெனிகளில் ஒடிசா, பீகார் பையன்கள் அடிபட்டு வந்தால் சூப்பர்வைசர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார், இதை நிறுத்த வேண்டும். அந்தப் பையன் நினைவோடு இருந்தால், அவன் பாஷை தெரிந்த ரூம்மேட்டை உள்ளே விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து டாக்டரைப் பேசச் சொல்லுங்கள்.

கழுத்து லைன்

சென்ட்ரல் லைன் என்பது இதயத்துக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய சிரை வரை போகும் மெல்லிய குழாய். பி.பி.யைத் தூக்கிப் பிடிக்கிற மருந்துகளைக் கை நரம்பில் நாள்கணக்கில் ஓட்டினால் சதையே வெந்து புண்ணாகிவிடும், அதற்குத்தான் பெரும்பாலும் இது. கழுத்து, காறை எலும்புக்குக் கீழே, தொடை மடிப்பு, இந்த மூன்று இடத்தில் ஒன்றில் போடுவார்கள். ஊசியைக் குத்தி, அதன் வழியாக ஒரு கம்பியை விட்டு, கம்பியின் மேல் குழாயை வழுக்கிக்கொண்டு போகிற இந்த முறையை ஸ்வீடனின் செல்டிங்கர் 1953-ல் எழுதினார், இன்றைக்கும் அதேதான்.

குத்தும்போது வரக்கூடியவை: சிரைக்குப் பதில் பக்கத்துத் தமனியில் ஊசி படுவது, நுரையீரல் உறையில் பட்டு நெஞ்சுக்குள் காற்றுச் சேர்வது, கம்பி இதயத்தைத் தொட்டுத் துடிப்பு தாறுமாறாவது, ரத்தம் கட்டிக்கொள்வது. அரிதாகக் கம்பியே உள்ளே நழுவிப் போய்விடும், அதனால் வெளியே வந்த கம்பியை நாங்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் டாக்டர் தையல் போடுவார். ஸ்கேன் மெஷினில் சிரையைப் பார்த்துக்கொண்டே குத்தினால் இவற்றில் பல குறையும். அதற்காக ஸ்கேன் இருந்தால் ஒன்றுமே ஆகாது என்றும் இல்லை. 2024-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்குப்படி, ஒரு லைன் மூன்று நாள் இருந்தால் நூறு பேரில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு பெரிய சிக்கல் வருகிறது. ஆக "ஒண்ணும் ஆகாதுங்களே?" என்பதற்குப் பதில்: பெரும்பாலும் ஆகாது, ஆகவே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எந்த இடத்தில் போடுவது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. 2015-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் காறை எலும்புக்குக் கீழே போட்டதில் கிருமித்தொற்றும் ரத்தக்கட்டும் குறைவாக இருந்தன, ஆனால் நெஞ்சில் காற்றுச் சேர்வது அங்கேதான் அதிகம். அங்கே இன்னொரு சங்கடமும் இருக்கிறது, ரத்தம் கசிந்தால் விரலை வைத்து அமுக்க முடியாது, எலும்பு மறைக்கும். இது நம் ஊரில் எங்கே முக்கியம் என்றால் பாம்புக்கடியில். தாராபுரம் பக்கம் காட்டில் கடலை பிடுங்கும்போது கண்ணாடி விரியன் கடித்து வருகிறவருக்கு ரத்தமே உறையாது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம், தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அவருக்கு முடிந்தவரை பெரிய ஊசியே வேண்டாம் என்றுதான் பார்ப்பார்கள். தவிர்க்க முடியாவிட்டால் அமுக்கக்கூடிய இடத்தில், ஸ்கேன் பார்த்து. "கழுத்துல போடாம ஏனுங்க தொடையில போட்டீங்க, அங்க அழுக்குச் சேருமே" என்று கேட்ட மகனுக்கு டாக்டர் சொன்ன காரணம் இதுதான்: கசிந்தால் அமுக்கிப் பிடிக்கலாம், விஷம் முறிந்ததும் எடுத்துவிடலாம்.

டெங்கு சீசனில் தட்டணு குறைந்தவர்களுக்கும் இதே யோசனைதான். "பிளேட்லெட் முப்பதாயிரம்தான், அதெப்படிக் குத்துவீங்க?" என்று கேட்பது நல்ல கேள்வி. 10,000 முதல் 50,000 வரை தட்டணு இருந்தவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2023-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், முன்கூட்டியே தட்டணு ஏற்றியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கு லைன் போட்ட இடத்தில் கவனிக்க வேண்டிய அளவுக்கு ரத்தம் கசிந்தது, ஏற்றாதவர்களில் 12 பேருக்கு. அவர்களெல்லாம் டெங்கு நோயாளிகள் இல்லை, டெங்குவில் கணக்கு இன்னும் கொஞ்சம் வேறு, அதனால் ஏற்றுவதா வேண்டாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

இதெல்லாம் முதல் நாள் கதை. இரண்டாம் நாளிலிருந்து கிருமிதான். 2003-ல் தொடங்கி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஐ.சி.யு.க்கள் சேர்ந்து ஒன்றைச் செய்து பார்த்தன, பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற டாக்டர் முன்னின்று நடத்தியது. கை கழுவு, தொப்பி மாஸ்க் கவுன் கையுறை போட்டு நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை துணியால் மூடு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, முடிந்தால் தொடையைத் தவிர், தேவையில்லாத லைனை எடுத்துவிடு. இவ்வளவுதான், புது மருந்தோ புது மெஷினோ கிடையாது. மூன்றே மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் லைன் தொற்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அவசரம் இல்லாத நேரத்தில் யாராவது படியைத் தாண்டினால் நிறுத்தச் சொல்லும் உரிமையும் அங்கே நர்ஸுக்குக் கொடுத்திருந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்தப் பகுதிதான்.

நீங்கள் உள்ளே பார்க்க வரும்போது கவனிக்க வேண்டியது: கழுத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அடியில் ரத்தமோ ஈரமோ தெரிகிறதா, ஒட்டிய தேதி எழுதியிருக்கிறதா. கண்ணாடி போன்ற ஸ்டிக்கரை ஏழு நாளுக்கு ஒருமுறையாவது, பஞ்சு வைத்த கட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அழுக்கானால் உடனே. "சிஸ்டர், இது பிரிஞ்சிருக்குதுங்க" என்று சொன்னால் எந்த நல்ல நர்ஸும் கோபப்பட மாட்டாள். திருநீறு பூசுவதானால் நெற்றியோடு நிறுத்துங்கள், கழுத்துப் பக்கம் வேண்டாம். கோயில் தீர்த்தம் தெளிப்பது சுத்தமாகக் கூடாது.

அவசரத்தில், சுத்தம் பார்க்க நேரமில்லாமல் போட்ட லைன் என்றால் 48 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது வழிகாட்டுதல். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தவரானால், "அங்க அவசரத்துல போட்டதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், எங்களுக்கு அது தெரியாமல் போக வாய்ப்பு உண்டு.

மூச்சுக்குழாய், வென்டிலேட்டர்

ஐ.சி.யு.வில் செய்வதிலேயே அந்த நிமிடத்து ஆபத்து அதிகமானது இது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதும் இதுவும் ஒன்றில்லை, இவருக்கு ஏற்கனவே ஆக்ஸிஜன் கீழே, பி.பி. கீழே, வயிற்றில் சாப்பாடு வேறு. 29 நாடுகளில் கிட்டத்தட்ட 3,000 நோயாளிகளைப் பார்த்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 45 பேருக்கு டியூப் போடும் நேரத்தில் ஏதோ ஒரு பெரிய சிக்கல், அதில் பெரும்பங்கு பி.பி. சரிவது. நூற்றுக்கு 3 பேருக்கு இதயமே நின்றிருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. டியூப் போடும் முன் டாக்டர் வெளியே வந்து "ரிஸ்க் இருக்குங்க" என்று சொன்னால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது என்று நினைத்து அவரிடம் சண்டைக்கு நிற்கிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இங்கே நீங்கள் கேட்கக்கூடிய ஒரே நல்ல கேள்வி, "டியூப் சரியான இடத்துல இருக்குதுன்னு கார்பன் டை ஆக்சைடு மெஷின்ல பார்த்தீங்களா?" என்பது. கேப்னோகிராஃப் என்பார்கள். நுரையீரலுக்குப் பதில் உணவுக்குழாய்க்குள் டியூப் போய்விட்டால் அந்த மானிட்டரில் அலை வராது. 2011-ல் பிரிட்டனில் நடத்திய தேசியத் தணிக்கையில், ஐ.சி.யு.வில் மூச்சுவழிப் பிரச்சினையால் நடந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இந்த மெஷினைப் பயன்படுத்தாததும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எழுதினார்கள். நம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, ஆனால் எல்லாக் கட்டிலிலும் இருக்கிறதா என்றால், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், கை கட்டுவது. முதல் தடவை உள்ளே வந்து அம்மாவின் கை இரண்டும் கட்டிலோடு கட்டியிருப்பதைப் பார்த்து வெடிக்காத மகள் கிடையாது. அரைமயக்கத்தில் இருப்பவர் முதலில் செய்வது வாயில் இருக்கும் டியூப்பைப் பிடித்து இழுப்பதுதான். இழுத்துவிட்டால் திரும்பப் போடும்போது தொண்டை வீங்கியிருக்கும், முதல் தடவையை விடக் கஷ்டம். அதற்காகக் கட்டியே வைத்திருப்பதும் சரியில்லை, மணிக்கட்டு சிவக்கும், நோயாளி இன்னும் மிரளுவார். நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் "நான் கையப் பிடிச்சுக்கறேனுங்க, அவுத்து விடுங்க" என்று கேளுங்கள். பேசுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை, மாடு கன்று போட்டதா என்று எல்லாம் சொல்லுங்கள். கண்ணாடி, காது மெஷின் வைத்திருப்பவரானால் கொண்டுவந்து கொடுங்கள். மயக்க மருந்தைக் குறைக்க இது நிஜமாகவே உதவும்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், வயிற்றிலிருப்பது நுரையீரலுக்குள் இறங்காமல் இருக்க. பாவம் உட்கார்ந்த மாதிரியே தூங்குகிறாரே என்று நீங்களே லீவரைச் சுற்றி இறக்கிவிடாதீர்கள். மூக்கு வழி உணவுக்குழாயும் போட்டிருந்தால், முதல் தடவை அதில் எதுவும் விடும் முன் எக்ஸ்ரே எடுத்தோ, உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைப் பார்த்தோ உறுதி செய்திருக்க வேண்டும். காற்றை அடித்து ஸ்டெத்தில் "டுர்" சத்தம் கேட்பது பழைய முறை, நம்ப முடியாது. அட்டெண்டர்கள் இளநீர், கஞ்சித் தண்ணீர் என்று சிரிஞ்சில் தாங்களே விடுவது நடக்கிறது. செய்யாதீர்கள்.

நெஞ்சிலும் வயிற்றிலும் போடுபவை

நெஞ்சு டியூப் ஒரு தண்ணீர் பாட்டிலில் போய் முடியும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும். சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது யாராவது அதைத் தூக்கி நோயாளியின் மடியில் வைப்பார்கள், அந்த நேரத்தில் பாட்டில் தண்ணீர் திரும்பி நெஞ்சுக்குள் போகும். குமிழி வந்துகொண்டிருக்கும் டியூப்பை கிளிப் போட்டு அடைக்கவும் கூடாது. நீங்கள் ஸ்ட்ரெச்சர் பின்னால் நடப்பவர், பார்த்தால் சத்தம் போடலாம்.

கல்லீரல் கெட்டு வயிறு உப்பியவர்களின் வீட்டார் ஒரே கோரிக்கையோடு வருவார்கள், "மொத்தத்தையும் எடுத்து உட்ருங்க சார்". ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் கூடவே ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பி.பி. சரிந்து சிறுநீரகம் மடங்கும். ஆல்புமின் விலை உங்களுக்கே தெரியும். நெஞ்சிலிருந்து எடுக்கும் நீருக்கும் ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள், மடமடவென்று எடுத்தால் சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்து அதிலேயே நீர் கோத்துக்கொள்ளும். மெதுவாக எடுப்பது சோம்பேறித்தனம் இல்லை.

முதுகு ஊசிக்கு அப்புறம் சில நாள் தலைவலி வரலாம், வாழ்நாள் முழுக்க இடுப்பு வலி என்பது ஊர்ப் பேச்சு. சிறுநீர்க் குழாயின் பை, அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. அவ்வளவுதான்.

தினமும் ஒரே கேள்வி

டாக்டர் காலையில் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே பேச வரும்போது எல்லோரும் "எப்படி இருக்காருங்க?" என்று கேட்கிறார்கள். கேளுங்கள். கூடவே இதையும்: "என்னென்ன குழாய் இருக்குதுங்க, அதுல எது இன்னைக்கு எடுக்கலாம்?" ஒரு சின்ன நோட்டில் கழுத்து லைன், கை ஆர்ட்டீரியல் லைன் (பி.பி.யைத் தொடர்ந்து பார்க்கத் தமனியில் போடுவது), மூத்திரக் குழாய், மூக்குக் குழாய் என்று எழுதி, போட்ட தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். மூத்திரக் குழாய் எடுக்கப்படாமல் கிடப்பதற்கு நிஜமான காரணம் பல நேரம் யாரும் கேட்காததுதான். பி.பி. மருந்து நிறுத்தி இரண்டு நாளாகியும் கழுத்து லைன் இருந்தால் காரணம் கேளுங்கள். "நரம்பு கிடைக்கல, அதான் வச்சிருக்கோம்" என்பது சில நேரம் சரியான காரணம், சில நேரம் எங்கள் வசதி. இரண்டில் எது என்று இன்னொரு தடவை கேட்டால் தெரிந்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவரானால், மயக்கத்தைக் குறைத்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று இன்றைக்குப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

லைனை எடுப்பதும் ஒரு செய்முறைதான். கழுத்து லைனை எடுக்கும்போது நோயாளி மட்டமாகப் படுத்திருக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்து, அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத கட்டுப் போட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது உருவினால் அந்த ஓட்டை வழியே காற்று இதயத்துக்குப் போகலாம். வார்டுக்கு மாறிய பிறகு அவசர அவசரமாக எடுக்கும்போது இதைக் கவனியுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

சிக்கல் வந்தாலே தப்பு நடந்தது என்று அர்த்தமில்லை. நல்ல கையிலும் நெஞ்சில் காற்றுச் சேரும். லைன் போட்ட பிறகு எக்ஸ்ரே எடுத்தார்களா, எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்தார்கள், உடனே என்ன செய்தார்கள், உங்களிடம் மறைக்காமல் சொன்னார்களா, இதை வைத்து முடிவு செய்யுங்கள். கேஸ் ஷீட் நகல் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. அதை வாங்கித் தெரிந்த டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரி டியூட்டி நர்ஸின் மேல் கையை ஓங்குவது, கண்ணாடியை உடைப்பது, இதற்குத் தமிழ்நாட்டில் 2008-லிருந்து தனிச் சட்டம் உண்டு, ஜாமீன் கிடைக்காத வழக்கு. உங்கள் நியாயம் அதோடு போய்விடும்.

தொண்டையில் ஓட்டை போட்டு வீட்டுக்கு அனுப்பினால்

ஒரு வாரம் பத்து நாள் தாண்டியும் வென்டிலேட்டரை விட முடியாவிட்டால் ட்ரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தின் முன்பக்கம் ஓட்டை போட்டு மூச்சுக்குழலில் குழாய் வைப்பது பற்றிப் பேச்சு வரும். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்றால் கெட்டுப்போகாது: பிரிட்டனில் சீக்கிரம் போட்டவர்களையும் பத்து நாள் பொறுத்தவர்களையும் ஒப்பிட்டு 2013-ல் வந்த ஆய்வில் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. பேச்சு நிரந்தரமாகப் போய்விடும் என்பதும் தப்பு. எடுத்த பிறகு பெரும்பாலோருக்கு ஓட்டை தானே மூடி, குரல் வந்துவிடும். போட்ட முதல் ஒரு வாரம்தான் ரொம்ப ஜாக்கிரதை, வழி இன்னும் உறுதியாகாததால் குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்பப் போடுவது கஷ்டம்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் இடத்தைப் பாருங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் வீட்டோடு தறி இருந்தால் பஞ்சுத்தூசி நேராக நுரையீரலுக்குப் போகும், மூக்கு வடிகட்டுவது இவருக்கு இல்லையே. தறி இல்லாத அறையாக, முடிந்தால் வேறு வீடாகப் பாருங்கள், ஓட்டையின் மேல் ஈரப்பதம் காக்கும் ஃபில்டர் மாட்டுங்கள். சளி உறிஞ்சும் மெஷின் கரண்ட்டில் மட்டும் ஓடுவதாக வாங்காதீர்கள், பேட்டரியோ காலால் மிதிக்கிற பம்ப்போ இருக்க வேண்டும். கழுத்து நாடாவுக்குள் ஒரு விரல் போகிற அளவு இடம் விடுங்கள். குளிப்பது உடம்புக்கு மட்டும் துடைத்து, கிணறு வாய்க்கால் எல்லாம் கிடையவே கிடையாது. குழாய் வெளியே வந்துவிட்டு மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள், ஓட்டையைத் துணியால் மூடாதீர்கள், ஆக்ஸிஜன் இருந்தால் அந்த ஓட்டைக்கே காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் குழாயின் கம்பெனி, சைஸ், போட்ட தேதி மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அதே சைஸில் ஒன்றும் ஒரு சைஸ் சின்னதாக ஒன்றும் ஸ்பேர் கையில் வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ளப்போகிறவர் எங்கள் முன்னால் தன் கையாலேயே சளி எடுத்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், கொள்ளுப்பேரன் யூடியூபில் பார்த்துச் சொல்வான் என்பதெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள், ஊரில் சர்ஜிக்கல் கடை பூட்டியிருக்கும்.